480 ரூபாய் ஆவர்த்தன அட்டவணை: சுவரில் மாட்டலாம், கண்ணை மூடிக்கொண்டு கழிக்க வேண்டாம்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு புத்தகக் கடையில் 480 ரூபாய்க்கு விற்கிற பெரிய ஆவர்த்தன அட்டவணைப் படம் வாங்கத் தகுந்தது. அதோடு சேர்த்துக் கையில் திணிக்கிற 650 ரூபாய் அணு அட்டைப் பெட்டி, அதாவது மூலகத்துக்கு ஓர் அட்டை வீதம் அச்சிட்டு வைத்த பெட்டி, வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒரு பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள், கொஞ்சம் நீளும், ஏனென்றால் பிரச்சினை காகிதத்திலோ மையிலோ இல்லை, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கீழே போட்டிருக்கும் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது.

அக்கா மகன் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். உயிரியல் பகுதியை ஒருமாதிரி சமாளித்துவிடுவான், கணக்குப் போடும் பகுதியும் பரவாயில்லை, ஆனால் அணு என்று வந்துவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டுப் பசிக்கிறது என்பான். அவனோடு தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் சிலரும் அந்தியில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருவார்கள். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடப்புத்தகத்திலும் அட்டவணை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் எல்லாரும் ஒரே பக்கத்தைச் சுற்றிக் குனிந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சுவரில் மாட்டுகிற படம் தேடிப் போனேன்.

பொருளின் தரத்தைப் பற்றி முதலில். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டிய கனமான தாள். டிக்கோயாப் பக்கம் தென்மேல் மழை தொடங்கினால் சுவரில் மாட்டிய கலண்டர் கூடச் சுருண்டு பூஞ்சணம் பிடித்துவிடும், இந்தப் படம் அந்த ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கிறது, அதற்கே பாதிக் காசு சரி. ஆனால் ஆணியை நேரே படத்தில் அடிக்காதீர்கள். துளை விழுந்த இடத்தில் ஈரம் உள்ளே போய் பிளாஸ்டிக் கிளம்பிவிடுகிறது. மேலும் கீழும் ஒரு மெல்லிய சட்டம் வைத்துக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். நிறங்கள் கண்ணை உறுத்தவில்லை, உலோகம், அல்லுலோகம், உலோகப்போலி மூன்றும் தூரத்திலிருந்தே பிரிந்து தெரிகின்றன. சொற்கள் எல்லாம் நம் பாடப்புத்தகச் சொற்களே, அது பெரிய நிம்மதி. அடியில் இருக்கும் இரண்டு நீள வரிசைகளின் எழுத்து மட்டும் மிகவும் பொடி, கிட்டப் போய்த்தான் வாசிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே ஒரு முழு எண், நடுவில் குறியீடு, கீழே இன்னொரு எண். மேலே இருப்பது அணுவெண், அதாவது கருவில் இருக்கும் புரோத்தன்களின் எண்ணிக்கை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 11 புரோத்தன் இருந்தால் அது சோடியம், 12 ஆனால் மகனீசியம், நடுவில் எதுவும் கிடையாது. நியூத்திரனுக்குத்தான் கழிக்க வேண்டும்: திணிவெண்ணிலிருந்து அணுவெண்ணைக் கழித்தால் நியூத்திரன். திணிவெண் என்பது கருவுக்குள் இருக்கும் புரோத்தனையும் நியூத்திரனையும் கூட்டி எண்ணிய எண்ணிக்கை, அவ்வளவுதான். இலத்திரனை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஒரு புரோத்தனின் திணிவு ஏறக்குறைய 1836 இலத்திரன்களின் திணிவு என்பதால் சேர்த்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கடகடவென்று போட்டார்கள். சோடியம் 23, அதில் 11 போனால் 12. அலுமினியம் 27, 13 போனால் 14. புளோரின் 19, 9 போனால் 10. பொசுபரசு 31, 15 போனால் 16. எல்லாம் சரி. அப்புறம் குளோரீன் வந்தது. கீழே 35.5 என்று இருக்கிறது. 17ஐக் கழித்தால் 18.5.

"சித்தி, அரை நியூத்திரன் எப்படி வரும்?" என்று அக்கா மகன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் படத்தில் எங்கேயும் அதற்குப் பதில் இல்லை. ஏனென்றால் கீழே இருக்கும் எண் திணிவெண்ணே இல்லை, அது சாரணுத்திணிவு. படத்தை அச்சிட்டவர்கள் ஒரு மூலையில் ஒரு மாதிரிக் கட்டம் வரைந்து "இது அணுவெண், இது சாரணுத்திணிவு" என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தால் முக்கால்வாசிக் குழப்பம் வந்திருக்காது. அந்த மூலையில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு ரொக்கெட் படம்.

சரி, அந்த 35.5 எங்கிருந்து வருகிறது? உலகத்தில் இருக்கும் குளோரீன் அணு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எல்லாவற்றிலும் புரோத்தன் 17தான், ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய 76 அணுக்களில் நியூத்திரன் 18, மீதி 24இல் நியூத்திரன் 20. முதலாவதன் திணிவெண் 35, இரண்டாவதன் திணிவெண் 37. இவை குளோரீனின் சமதானிகள். நம் வீட்டு உப்புப் போத்தலில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. இந்தக் கலவையின் சராசரித் திணிவைத்தான் கட்டத்துக்குள் போடுகிறார்கள், துல்லியமாக 35.45, பள்ளிக்கூடத்துக்கு 35.5.

பிள்ளைகளுக்கு இதைக் கொழுந்துக் கணக்கில் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒருவர் 18 கிலோ நிறுக்கிறார், இன்னொருவர் 22 கிலோ. சராசரி 20 கிலோ. ஆனால் 20 கிலோ பறித்த ஆள் யார் என்று தேடினால் அங்கே அப்படி ஒருவரும் இல்லை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. "தசமம் வந்தால் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றிவிட்டுக் கழி" என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத் தாளிலும் அதுதான் எழுதியிருக்கிறது. முதல் 20 மூலகங்களுக்கு அது கிட்டத்தட்ட வேலை செய்யும். இலிதியம் 6.94, மாற்றினால் 7, இயற்கையில் பெரும்பான்மை அதுதான். போரன் 10.81, அது 11. மகனீசியம் 24.3, அது 24. தப்பிவிடலாம். குளோரீனில் மட்டும் 35.45 என்று எழுதியிருந்தால் 35 வரும், சரி, 35.5 என்று எழுதியிருந்தால் மேலே ஏற்றி 36 ஆக்கி, நியூத்திரன் 19 என்று எழுதுவார்கள். 18உம் இல்லை 20உம் இல்லை, நடுவில் ஒன்று.

20ஐத் தாண்டினால் இன்னும் மோசம். செம்பு 63.55, மாற்றினால் 64, 29ஐக் கழித்தால் 35 நியூத்திரன். ஆனால் நம் வீட்டு வயரில் இருக்கும் செம்பில் அப்படி ஓர் அணு கிடையாது, 34 நியூத்திரன் உள்ளதும் 36 நியூத்திரன் உள்ளதும்தான் உண்டு. செம்பு 64 என்று ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கலாம், அது கதிர்த்தொழிற்பாடு உள்ளது, 13 மணித்தியாலத்துக்குள் பாதி அழிந்துவிடும். புரோமீன் 79.9, மாற்றினால் 80, ஆனால் இயற்கையில் இருப்பது 79உம் 81உம், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. வெள்ளி 107.87, மாற்றினால் 108, இருப்பதோ 107உம் 109உம். நம் கூரைத் தகரத்தில் பூசியிருக்கிற நாகத்தை எடுங்கள்: 65.38, அதாவது 65 என்பார்கள். நாகத்துக்கு இயற்கையில் ஐந்து சமதானிகள் இருக்கின்றன, 64, 66, 67, 68, 70, அதில் 65 இல்லை! முழு எண்ணாக மாற்றுகிற இந்தக் குறுக்குவழி சில இடங்களில் ஒரு அணுவிலும் இல்லாத எண்ணையே தேடிப் பிடித்துக் கொடுக்கிறது. பிள்ளை கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கும், விடை மட்டும் உலகத்தில் இருக்காது.

அதனால் படத்தை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கீழே உள்ள எண்ணை நியூத்திரன் கணக்குக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பரீட்சை வினாவில் திணிவெண்ணைத் தருவார்கள், அல்லது குறியீட்டோடு சேர்த்து எழுதியிருப்பார்கள், அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். எந்தச் சமதானி என்று சொல்லாமல் "குளோரீனில் எத்தனை நியூத்திரன்" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை.

இங்கே இன்னொரு சில்லறை வம்பும் இருக்கிறது, இந்தப் படத்தின் குற்றம் இல்லை, ஆனால் எல்லாரும் தடுக்கி விழும் இடம். படத்தில் அணுவெண் மேலே, திணிவு கீழே. வினாத்தாளில் ஓர் அணுவைக் குறியீட்டால் எழுதும்போது திணிவெண் இடப்பக்கம் மேலே, அணுவெண் கீழே. தலைகீழ்! சுவரைப் பார்த்துப் பழகிய பிள்ளை பரீட்சை மண்டபத்தில் மேலே இருப்பதுதான் புரோத்தன் என்று எழுதிவிட்டு வரும். இதற்கு மனப்பாடம் எதுவும் தேவையில்லை. சின்ன எண்தான் எப்போதும் புரோத்தன், ஏனென்றால் பெரியதில் புரோத்தனும் அடக்கம். சாதாரண ஐதரசனில் மட்டும் இரண்டும் 1, சமம், அங்கே நியூத்திரனே இல்லை.

ஐதரசன் என்றதும் அந்த அட்டைப் பெட்டி ஞாபகம் வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டிக்குள் ஒவ்வொரு மூலகத்துக்கும் ஓர் அட்டை, முன்பக்கம் பெயரும் படமும், பின்பக்கம் புரோத்தன், நியூத்திரன், இலத்திரன் எண்ணிக்கை. யோசனை நல்லது, பிள்ளைகள் சீட்டு விளையாடுவது மாதிரி ஒருவரை ஒருவர் கேட்டுப் படிக்கலாம். ஆனால் முதல் அட்டையே கோணல். ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும் வரைந்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஐதரசன் உண்டுதான், தியூத்திரியம், ஆனால் அது பத்தாயிரம் ஐதரசனில் ஒன்றோ இரண்டோ. சாதாரண ஐதரசனுக்கு அதை வரைவது சரியில்லை. குளோரீன் அட்டையின் பின்பக்கம், கொஞ்சமும் கூச்சமில்லாமல், நியூத்திரன் 18.5. அதாவது ஒருவரும் வாசித்துப் பார்க்காமல் கணினியில் கழித்து அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். செம்பு அட்டையில் 35, நாகத்தில் 35, வெள்ளியில் 61, எல்லாம் மேலே சொன்ன அதே கதை.

இதைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "அண்ணே, இதுல நியூத்திரன் பதினெட்டரைன்னு போட்டிருக்கு." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "அரை இருக்கக் கூடாதா தங்கச்சி?" "இருக்காது அண்ணே, எண்ணுற சாமான். ஒண்ணு, ரெண்டுன்னுதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப பேனையால அடிச்சிட்டுப் பதினெட்டுன்னு எழுதிக்கிடுங்களேன்." சொல்லப்போனால் அவர் சொன்னது நூற்றுக்கு 76 பங்கு சரியான விடை, பெட்டியை அச்சிட்டவர்களை விட அவர் தேவலாம். ஆனால் திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் ஓரம் கிழிந்திருந்ததைக் காட்டியபோது மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் புதியது எடுத்துத் தந்தார். கடையைப் பற்றிக் குறை இல்லை.

பெட்டியில் உருப்படியானது அயன் (ஏற்றம் பெற்ற அணு) அட்டைகள் மட்டும்தான். சோடியம் அயன்: புரோத்தன் 11, நியூத்திரன் 12, இலத்திரன் 10. ஒட்சைட்டு அயன்: 8, 8, 10. ஏற்றம் மாறினாலும் கரு மாறாது, போவதும் வருவதும் இலத்திரன் மட்டுமே என்பது அந்த அட்டைகளைப் புரட்டினால் தானாக மனதில் நிற்கிறது. இதற்காக 650 ரூபாயா என்றால், இல்லை, பழைய கலண்டர் மட்டையை வெட்டி வீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.

படத்துக்குத் திரும்புகிறேன். அதில் என்னை மிகவும் சந்தோசப்படுத்திய இடம் ஆகனும் பொற்றாசியமும். 18ஆவது ஆகன், 39.95. 19ஆவது பொற்றாசியம், 39.10. பாரமானது முன்னால், இலேசானது பின்னால். ஒரு பிள்ளை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு "அக்கா, இதுவும் அச்சுப்பிழையா?" என்றது, அந்த அட்டைப் பெட்டி வந்த பிறகு எதைப் பார்த்தாலும் பிள்ளைகளுக்குச் சந்தேகம். இல்லை, இது சரி. ஒரு காலத்தில் மூலகங்களைத் திணிவின் ஒழுங்கில்தான் அடுக்கினார்கள், இந்த மாதிரி இரண்டு மூன்று சோடிகள் மட்டும் அடம் பிடித்தன. கோபாற்று, நிக்கல் சோடியும் அப்படித்தான். 1913இல் ஹென்றி மோஸ்லி என்ற இளம் இங்கிலாந்துக்காரர் பல மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்து பார்த்தார். அது திணிவைப் பின்பற்றவில்லை, ஒவ்வொரு கட்டமாக ஒழுங்காக ஏறும் இன்னொரு எண்ணைப் பின்பற்றியது. அதுதான் கருவின் நேரேற்றம், நாம் இன்று அணுவெண் என்று மேலே எழுதுவது. இரண்டு வருடத்தில், 27 வயதில், கலிப்போலிப் போரில் செத்துப்போனார். படத்தின் ஓரத்தில் கருவைக் கண்டுபிடித்த ரதர்போர்ட் இருக்கிறார், நியூத்திரனைக் கண்டுபிடித்த சாட்விக் இருக்கிறார், மோஸ்லியைக் காணவில்லை. மேலே இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் கொடுத்தவரையே விட்டுவிட்டார்கள்.

ஆகன் ஏன் இவ்வளவு பாரம் என்பதற்குக் காரணமும் கருவில்தான் இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகன் உண்டு, அது கிட்டத்தட்ட முழுவதும் ஆகன் 40. அது பெரும்பாலும் பாறைக்குள் இருக்கும் பொற்றாசியம் 40 அழிந்து உண்டானது. தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் பொற்றாசு உரத்திலும் அந்தப் பொற்றாசியம் 40 இருக்கிறது, பொற்றாசிய அணு பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி அழிய எடுக்கும் காலம், 125 கோடி வருடம், ஆகவே உர மூட்டையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அழிகிறவற்றில் பத்தில் ஒன்று ஆகனாகிறது, மற்றவை கல்சியம் 40 ஆகின்றன. இதிலிருந்தே பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பயிற்சி கிடைத்தது: ஆகன், பொற்றாசியம், கல்சியம், மூன்றுக்கும் திணிவெண் 40 என்று வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆகனில் 18உம் 22உம், பொற்றாசியத்தில் 19உம் 21உம், கல்சியத்தில் 20உம் 20உம். மொத்தம் ஒன்றே, பங்கு வேறு. இந்த ஒரு கணக்கு, அட்டைப் பெட்டி முழுவதையும் விட அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

ஓரத்தில் சாட்விக் படத்துக்குக் கீழே 1932 என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம். கரு என்று ஒன்று இருப்பதை ரதர்போர்ட் 1911இலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல் நியூத்திரன் இல்லாமலே கணக்குப் போட்டார்கள். நைதரசனின் திணிவு 14, ஏற்றம் 7, அப்படியென்றால் கருவுக்குள் 14 புரோத்தனும் அவற்றில் ஏழின் ஏற்றத்தைச் சமன்செய்ய 7 இலத்திரனும் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். எண் சரியாக வருகிறதே, யார் மறுப்பார்? சாட்விக் பெரிலியத்திலிருந்து வெளிவந்த ஏற்றமில்லாத கதிரை ஆராய்ந்து, அது புரோத்தன் அளவு திணிவுள்ள துணிக்கை, அதாவது நியூத்திரன், என்று காட்டிய பிறகுதான் நாம் இன்று செய்யும் கழித்தலுக்கு அர்த்தம் வந்தது.

பொடி எழுத்து என்று சொன்னேனே, அந்த அடி வரிசையில் 90ஆவது கட்டம் தோரியம். கீழே 232.04. இயற்கையில் கிடைக்கும் தோரியம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே சமதானி என்பதால் இங்கே துணிந்து 232 என்று எடுக்கலாம், நியூத்திரன் 142. திருவிழாவுக்கு எரிகிற பெற்றோல்மக்ஸ் விளக்கின் மென்டிலில் முன்பு இருந்தது தோரியம் ஒட்சைட்டுதான், கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு அதுதான் காரணம். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, இலங்கையில் விற்கிற படத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நம் மலைகளுக்குத் தெற்கே, பலாங்கொடைப் பக்கம் கிடைத்த கறுப்பு நிறக் கனியம் ஒன்று 1904இல் உலகத்துக்கு அறிமுகமானது, பெயர் தோரியனைற்று. அப்போது இங்கே கனிய அளவைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி, பிற்காலத்தில் கலையைப் பற்றி எழுதிப் புகழ் பெற்ற அதே ஆள்தான். அந்தக் கனியம் இலண்டனுக்குப் போய், 1905இல் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதிலிருந்து ஒரு புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டுபிடித்து ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார்.

பிறகு வேடிக்கை என்னவென்றால், ரேடியோதோரியத்தையும் சாதாரண தோரியத்தையும் கலந்துவிட்டால் எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. ஏன் பிரியும்? இன்று நமக்குத் தெரியும், அது தோரியம் 228. இரண்டிலும் புரோத்தன் 90, ஒன்றில் நியூத்திரன் 142, மற்றதில் 138. இரசாயனம் பார்ப்பது ஏற்றத்தையும் இலத்திரனையும், நியூத்திரனை அது கண்டுகொள்வதே இல்லை. இப்படிப் பிரிக்க முடியாத சோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துதான், 1913இல் பிரெடரிக் சொடி சமதானி என்ற கருத்துக்கே வந்து சேர்ந்தார். பிறகு அஸ்டன் என்ற விஞ்ஞானி 1919இல், அணுக்களைத் திணிவின்படி பிரிக்கும் தன் கருவியால் நியோனுக்குள் 20உம் 22உம் கலந்திருப்பதைப் பிரித்தே காட்டினார், குளோரீனில் 35உம் 37உம் இருப்பதையும் அவர் அப்படித்தான் காட்டினார். ரொக்கெட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் இதை ஒரு வரியாகப் போட்டிருந்தால் நம் பிள்ளைகளுக்கு அந்த 90ஆவது கட்டம் வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

இன்னும் இரண்டு குறை. சில கட்டங்களில் கீழே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கிறது, நிலையான சமதானி ஒன்றுகூட இல்லாத மூலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு (தோரியம் போன்ற சில விலக்கு) அப்படிப் போடுவார்கள், அது மட்டும் உண்மையிலேயே ஒரு சமதானியின் திணிவெண், அதிலிருந்து கழிக்கலாம். இதையும் எங்கேயும் விளக்கவில்லை. இரண்டாவது, கடையில் பழைய இருப்பும் புதியதும் கலந்து கிடக்கின்றன. 113, 115, 117, 118 ஆகிய நான்கு மூலகங்களுக்கும் 2016இல் நிரந்தரப் பெயர் வந்துவிட்டது, நிகோனியம், மொஸ்கோவியம், தெனசின், ஒகனெசன். பழைய படத்தில் இன்னும் அந்தத் தற்காலிகப் பெயர்கள் இருக்கின்றன. விரித்து வலப்பக்கக் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், 118க்குப் பக்கத்தில் ஒகனெசன் என்று இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேறு கேளுங்கள். சாதாரண தரத்துக்கு அந்த நான்கும் தேவையே இல்லை, ஆனால் அதே காசுக்குப் பழையதை ஏன் வாங்க வேண்டும்?

நான் படத்தை எப்படிச் சரிசெய்தேன் என்றும் சொல்கிறேன். அழியாத மார்க்கர் பேனையால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் இயற்கையில் இருக்கும் சமதானிகளின் திணிவெண்ணை எழுதினேன், எல்லாவற்றுக்கும் இல்லை, முதல் 20க்கும் பிறகு இரும்பு, செம்பு, நாகம், வெள்ளி, புரோமீன் இவற்றுக்கும். பிளாஸ்டிக் மேல் மை நன்றாகப் பிடிக்கிறது. குளோரீனுக்குப் பக்கத்தில் 35, 37 என்று எழுதியதும் அக்கா மகன் தானாகவே வந்து 0.76ஐ 35ஆலும் 0.24ஐ 37ஆலும் பெருக்கிக் கூட்டினான், 35.48 வந்தது. "சித்தி, 35.45 தானே வரணும்?" என்று அதற்கும் சண்டை. நியாயம்தான். அணுவின் திணிவு திணிவெண்ணுக்குச் சரியாகச் சமமாக இருப்பதில்லை, குளோரீன் 35இன் உண்மையான திணிவு 34.969, மற்றதன் திணிவு 36.966. துணிக்கைகள் கருவாக இறுகிச் சேரும்போது கொஞ்சம் திணிவு சக்தியாக வெளியேறிவிடுகிறது. அந்த எண்களைப் போட்டால் 35.45 அப்படியே விழும். சாதாரண தரத்துக்கு இது வேண்டாம், உயர்தரம் படிக்கிறவர்கள் போட்டுப் பாருங்கள்.

சரி, யாருக்கு இது பொருந்தும்? வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஒன்றாகப் படிக்கிறார்கள் என்றால், அல்லது தோட்டத்து வாசிகசாலையிலோ முன்பள்ளி மண்டபத்திலோ மாலை வகுப்பு நடக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், ஒரு மார்க்கரும் சேர்த்து. ஒரே ஒரு பிள்ளைக்கு என்றால் பாடப்புத்தகத்தில் இருப்பதே போதும், 480 ரூபாயை வேறு எதற்காவது வையுங்கள். அட்டைப் பெட்டியைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். படத்தைச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டுத்தான் தருவார், பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் ஒரு மட்டைக் குழாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருகிறார், கேட்காவிட்டால் தருவதில்லை.